அமாவாசை அன்று மாடிக்குப் போனோம்

எனக்கு எழுத வராது. படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் போனேன். அதற்குப் பிறகு நான் எழுதியது என்றால் கேட்ட இடத்தில் போட்ட கையெழுத்துத்தான். ஞாபகமும் முன்னே மாதிரி இல்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் நிற்கிறேன், எதற்கு வந்தேன் என்று தெரிவதில்லை. முன்னால் நடந்தது பின்னால் வந்துவிட்டால் நீங்களே சரிப்படுத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் யோகா டீச்சர் வகுப்புக்கு வருகிற பெண்களை எல்லாம் ஆளுக்கு ஒன்று எழுதித் தரச் சொன்னார். சேர்த்துச் சின்னப் புத்தகமாகப் போடப்போகிறாராம். "எனக்கு வேணாம் டீச்சர்" என்றேன். "நீங்க வாயால எதுவும் சொல்லவே மாட்டீங்களேம்மா, அதனாலதான் எழுதச் சொல்றேன்" என்றார். அதுவும் நிஜம். நாலு பேர் கூடின இடத்தில் எனக்குப் பேச்சு வராது. மீன் விற்ற காலத்திலும் அப்படித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் குரலாலேயே காரை நிறுத்துவார்கள். நான் கூடையைத் திறந்து வைத்துவிட்டு மீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மீன் நன்றாக இருந்த நாளில் விற்றது. இல்லாத நாளில் கருவாடாகக் காயப் போட்டேன்.

எங்கள் வீடு நொச்சிக்குப்பத்தில், குடிசை மாற்று போர்டு கட்டிக் கொடுத்த பிளாட்டு. மகனும் மருமகளும் பேத்தியும் நானும் ஒரு வீட்டில் இருக்கிறோம். மகனுக்கு மூத்தவள் என் பெண். அவள் பக்கத்துப் பிளாக்கில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். அவள் பையன் பெருங்குடிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். என் முட்டி தேய்ந்து போன பிறகு ரோட்டோரம் நான் உட்கார்ந்த இடத்தில் என் பெண்தான் உட்கார்ந்தாள். அவள் என் மாதிரி இல்லை. வாய் திறந்தால் பேரம் பேச வந்தவர்கள் சிரித்துக்கொண்டே கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அவளுக்கு ரொம்ப நாளாகவே ரத்தப்போக்கு இருந்தது. கடையில் உட்கார்ந்த இடத்திலேயே துணி நனைந்துவிடும். கறுப்புப் புடவையாகக் கட்டிக்கொண்டு, மீன் தண்ணீர் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறாள். கடைசியில் ஒரு நாள் தராசைப் பிடித்தபடியே சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கினதே, அதற்கு அந்த டாக்டரம்மாவுக்கு இன்றைக்கும் மனசுக்குள் கும்பிடு போடுகிறேன்.

ஆனால் வீட்டுக்கு வந்தவள் எங்கள் பெண்ணாக வரவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். புண் ஆறின பிறகும் அப்படியே. கடை தார்ப்பாய் மூடினபடி கிடந்தது. அவள் வீட்டுக்காரர் கடலிலிருந்து வந்து தானே டீ போட்டு அவள் தலைமாட்டில் வைப்பார், அது ஆறிப் போய் ஏடு கட்டிக் கிடக்கும். ஒரு நாள் நான் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"வயிறு காலியா கீதும்மா. நோவு இல்ல. காலியா கீது. கூடைய கவுத்து வெச்ச மாரி."

எங்கள் மாடியில் குடியிருக்கிற ஒரு கிழவி, என்னைவிடப் பெரியவள், பார்க்க வந்த அன்று வாசலில் நின்றபடியே, "எடுத்துட்டாங்களா? இன்மே அது வெறுங்கூடுதான்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கெட்ட மனசு இல்லை அவளுக்கு. வாய் அப்படி. ஆனால் அந்தச் சொல் என் பெண்ணுக்குள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் பேத்தி பெரியவளானாள். பரீட்சை முடிந்ததும் சடங்கு வைத்துக்கொள்ளலாம் என்று மகன் சொன்னான். மந்தவெளியில் சின்ன மண்டபமாகப் பேசிவிட்டான். எங்கள் வீட்டு வழக்கப்படி பெண்ணுக்கு முதல் சொம்பு தண்ணீரை அத்தைதான் ஊற்ற வேண்டும். அத்தை ஊற்றின பிறகுதான் மற்றவர்கள். மருமகள் போய் முறைப்படி வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டாள்.

"வேற யாரையாவது ஊத்தச் சொல்லு" என்றாள் என் பெண், சுவரைப் பார்த்தபடி. "உள்ள ஒண்ணும் இல்லாதவ கையால ஊத்துனா புள்ளைக்கு ஆவாது."

"இன்னா அண்ணி பேசறீங்க" என்று மருமகள் அழுதுவிட்டாள்.

பேத்தி அதைவிடப் பிடிவாதக்காரி. "அத்தை ஊத்தலன்னா எனக்கு ஃபங்ஷனே வேணாம். நான் ஸ்கூலுக்குப் போறேன், நீங்க மண்டபத்துல போய்த் தூங்குங்க" என்று சொல்லிவிட்டாள்.

வீட்டில் இப்படி ஒரு முடிச்சு விழுந்திருந்த சமயத்தில்தான் டீச்சர் வந்தார்.

டீச்சரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாந்தோமில் கோயில் தெருவில் வீடு. பரம்பரையாக மாதா கோயில்காரர்கள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். என் காலத்திலிருந்தே எங்களிடம்தான் மீன் வாங்குவார். சங்கரா என்றால் உயிர். ரிட்டயர் ஆன பிறகு எங்கேயோ போய் யோகா கற்றுக்கொண்டு வந்தார், அதிலும் நிலாவை வைத்துச் செய்கிற யோகாவாம். அவர் அண்ணன், "ஞாயித்துக்கிழமை பூசைக்கு வர்றவ, வெள்ளிக்கிழமை நிலாவைக் கும்பிடுறியா?" என்று சண்டை போட்டாராம். "நம்ம மாதாவே பிறை மேலதான் நிக்கிறாங்க, போய்ப் பாரு" என்று இவர் சொன்னாராம். அவரே சொல்லிச் சிரித்தார்.

கடை மூடியிருக்கிறதே என்று விசாரித்துக்கொண்டு வந்தவர் என் பெண் படுத்திருந்த கோலத்தைப் பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்து அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மீன் விற்கிறவள் காலை மடியில் வைக்கிற டீச்சரை நான் அன்றுதான் பார்த்தேன். "டாக்டர்கிட்ட கேட்டுட்டு எங்க மாடிக்கு வா. பாரம் தூக்குற மாதிரி, வயித்த அமுக்குற மாதிரி எதுவும் சொல்லித்தரமாட்டேன். சும்மா வந்து மூச்சு விடு, போதும்" என்றார்.

டாக்டரம்மா சரி என்று சொல்லியும் என் பெண் அசையவில்லை. நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். "எனக்கு முட்டிக்கு நல்லதாம், நான் போறேன்" என்றேன்.

"நீயா? குந்திக்கினா தூக்கறதுக்கு ரெண்டு ஆளு வேணும் உனக்கு. மாடிப்படி வேற. எங்கனா உருண்டு வெச்சேன்னா?"

"அப்ப நீ வந்து புடிச்சிக்கோ."

என்னைப் பிடிக்கத்தான் அவள் வந்தாள். வளர்பிறை தொடங்கியிருந்தது, சாயங்காலத்தில் மேற்கே நகக்கீறல் மாதிரி பிறை தெரிந்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

டீச்சர் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் கிழக்கே கடல். நாங்கள் பிறந்து வளர்ந்த அதே கடல்தான், ஆனால் மேலேயிருந்து நான் அதைப் பார்த்ததில்லை. கீழே மணலில் படகுகள் பொம்மை மாதிரி கிடக்கும். வகுப்பில் எல்லாருமே பெண்கள். ஆபீஸ் முடித்துத் தோளில் பையோடு ஓடி வருகிறவர்கள் சிலர், மயிலாப்பூரிலிருந்து ஆட்டோவில் வருகிற ஒரு மாமி. பின் வரிசையில் சுவரோரமாக எனக்கு ஒரு பாயும் நாற்காலியும், பக்கத்தில் என் பெண்ணுக்கு ஒரு பாயும் போட்டார்கள். அந்த மூலை எனக்கு ரொம்பப் பிடித்தது. யாரும் என்னைப் பார்க்க முடியாது.

சூரிய நமஸ்காரம் என்று கேள்விப்பட்டிருக்கிறோம் இல்லையா, அது மாதிரி இது சந்திர நமஸ்காரம். இதில் எல்லாம் பக்கவாட்டில். கையை மேலே சேர்த்து இடுப்பை வளைத்தால் பிறை. காலை அகட்டி முட்டியை மடக்கி, கையை இரண்டு பக்கமும் உயர்த்தி நின்றால் அதற்குத் தேவி என்று பெயர். அப்புறம் குந்தி உட்கார வேண்டும். அவசரமே கிடையாது. "சூரியன் சுடும், நிலா குளிரும். பகலெல்லாம் ஓடிக்கிட்டே இருந்தீங்கல்ல, இப்போ குளிருங்க" என்பார் டீச்சர். வலது மூக்கை அடைத்து இடது பக்கம் மூச்சு இழுக்கச் சொல்வார். இடதுதான் நிலாவின் பக்கமாம், பெண்ணின் பக்கமாம். எனக்கு இரண்டு பக்கமும் மூக்குத்தி. வலது பக்கத்தை அமுக்கினால் கல் குத்தும். குத்தினாலும் மூச்சு என்னவோ சில்லென்று உள்ளே போகும்.

குந்துகிற ஆசனத்தில் நான் உடனே உட்கார்ந்துவிட்டேன். ஆயுசு முழுக்க அப்படித்தானே உட்கார்ந்தேன். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. கீழேயே இருந்தேன்.

"எல்லாரும் எழுந்துண்டாச்சு, நீங்க என்ன அங்கேயே குடித்தனம் வெச்சுட்டேளா?" என்றாள் மாமி.

என் பெண் ஒரு பக்கமும் மாமி ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். அதற்குப் பிறகு தினமும் அதே கதைதான். மாமி பாயை எடுத்து வந்து என் பக்கத்திலேயே போட்டுக்கொண்டாள். "கிரேன் பக்கத்துல இருக்கட்டும்" என்றாள்.

பேசாமல் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டீச்சர் நிலாவைப் புகழும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். நிறைந்த நிலா நிறைந்த பெண்மை, எல்லாம் தருகிறவள் என்பார். எங்கள் வீட்டில் நிலா எதையும் தந்ததில்லை. வெளிச்சத்தில் மீனுக்கு வலை தெரிந்துவிடும், விலகிப் போய்விடும். பௌர்ணமியை ஒட்டின நாட்களில் ஆண்கள் வெறும் வலையோடு வருவார்கள். எங்கள் அம்மா வாசலில் நின்று நிலாவைப் பார்த்து வைவாள். இருட்டு நாட்களில்தான் கூடை நிறையும். அப்படிப்பட்டவளுக்கு நன்றி சொல்லுங்கள் என்றால் எப்படிச் சொல்வது என்று கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருப்பேன்.

ஆனால் என் பெண் மாறிக்கொண்டு வந்தாள். அதை நான் பார்த்தேன். படியேறும்போது மூச்சு வாங்குவது குறைந்தது. திரும்பி வரும்போது ரோட்டோரக் கடைகளை நின்று பார்ப்பாள், "இந்த வஞ்சிரம் ஐஸ்ல கெடந்தது" என்பாள். தன் கடைத் தார்ப்பாயைத் தாண்டிப் போகும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இன்னும் கொஞ்ச நாள் போனால் சடங்குக்கும் சரி என்று சொல்லிவிடுவாள் என்று நான் நினைத்தேன்.

பௌர்ணமி வந்தது. அன்று விசேஷ வகுப்பு. எல்லாரும் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு வந்தார்கள். கடலிலிருந்து நிலா எழுந்தபோது, வைதுகொண்டே வளர்ந்த நானே வாயடைத்துப் போனேன். அவ்வளவு அழகு. எல்லாரும் வட்டமாகப் படுத்தோம். அடிவயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொள்ளச் சொன்னார் டீச்சர்.

"இங்கதான் கர்ப்பப்பை. இதுதான் நிலாவோட வீடு. நம்ம பெண் சக்தி முழுக்க இங்கதான் குடியிருக்கு. நிலா உள்ள வந்து நிறையறதா நினைச்சுக்கோங்க."

பக்கத்தில் அசைவு தெரிந்து கண்ணைத் திறந்தேன். என் பெண் எழுந்து உட்கார்ந்திருந்தாள். சத்தமில்லாமல் பாயைச் சுருட்டினாள், சுவரோரம் நிறுத்தினாள், படியில் இறங்கிப் போய்விட்டாள். நானும் எழுந்திருக்கப் பார்த்தேன், முட்டி விடவில்லை. மாமிதான் கண்ணை மூடியபடியே கையை நீட்டி என்னைத் தூக்கிவிட்டாள்.

தெருவில் அவளைப் பிடித்தேன். எங்கள் பிளாக் வாசலில் சொன்னாள்.

"அவங்க மேல தப்பு இல்லம்மா. உள்ளதத்தான சொன்னாங்க. எனக்குத்தான் வூடே இல்ல, நெலா எங்க வந்து குந்தும்?"

மறுபடி சுவர். மறுபடி ஆறின டீ. டீச்சர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். என் பெண் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டாள். அவருக்கு விஷயம் புரியவில்லை, எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. "அசதியா கீது டீச்சர்" என்று மட்டும் சொன்னேன். பேத்திக்குப் பட்டு எடுக்க மகனும் மருமகளும் என்னைத் தி.நகருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தக் கூட்டத்தில், மாடி மாடியாக ஏறி, பேத்தி எந்தப் புடவையையும் பார்க்காமல் நின்றாள். "அத்தை வந்திருந்தா இந்நேரம் கடைக்காரன அழ வெச்சிருக்கும்" என்றாள். கடைசியில் மருமகளே ஒன்றைக் கையில் எடுத்தாள்.

சடங்கு நெருங்கிக்கொண்டிருந்தது. என் பெண்ணை மறுபடி அந்த மாடிக்கு எப்படியாவது கொண்டு போய்விட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. காரணம் சொல்லத் தெரியாது. படுக்கையிலிருந்து அவளை எழுப்பின இடம் அது ஒன்றுதான். விட்ட காரியத்தை மறுபடி தொடங்குவதென்றால் நல்ல நாளாகத்தானே பார்க்க வேண்டும். எங்களுக்கு அமாவாசையைவிட நல்ல நாள் ஏது? நிறைந்த அமாவாசை என்றுதானே ஊரே சொல்கிறது. கடை திறக்கிறவர்கள் அன்று திறக்கிறார்கள், புது வலையை நாங்கள் அன்றுதான் கடலில் இறக்குகிறோம். அதனால் அமாவாசைச் சாயங்காலம் குளித்து நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு அவள் கட்டிலண்டை போய் நின்றேன்.

"முட்டி வுட்டுப் போவுது. டீச்சராண்ட ஒரே ஒரு நாளு கேட்டுக்கினு வந்துடலாம் வா. நீ ஒண்ணியும் செய்ய வேணாம். படியில புடிச்சிக்கோ, போதும்."

முனகிக்கொண்டே வந்தாள்.

மாடிக்கு ஏறிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. டீச்சர் நைட்டியை முட்டி வரைக்கும் தூக்கிச் செருகிக்கொண்டு, யோகாப் பாய்களை எல்லாம் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கொடியில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த குழாயை அப்படியே பிடித்தபடி நின்றார். தண்ணீர் அவர் காலிலேயே கொட்டியது.

"வாங்கம்மா. இன்னைக்கு லீவாச்சே. யாரும் சொல்லலையா?"

"லீவா? ஏன் டீச்சர்?"

"அமாவாசைம்மா. நிலா இல்லாத நாள்ல இந்த யோகாவுக்கு ஓய்வு."

நாங்கள் சேர்ந்தது வளர்பிறையில், நின்றது பௌர்ணமியில். நடுவில் ஒரு அமாவாசையும் வரவில்லையே, எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு உடம்பெல்லாம் சுருங்கிவிட்டது. நிலாவுக்கென்று இருக்கிற வகுப்புக்கு, நிலாவே இல்லாத நாளாகப் பார்த்து, தலை குளித்துப் பொட்டு வைத்து வந்து நிற்கிறேன். "வா போலாம்" என்று பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தேன்.

அவள் வரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு கோணிக்கொண்டு போனது. சிரிப்பு. முதலில் சத்தம் இல்லாமல் வந்தது, அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தையல் போட்ட இடத்தில் கையை வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தாள்.

"டீச்சர், ஊரே அமாவாசையில கடை தொறக்குது. எங்கம்மா உங்க கடைய தொறக்க வந்துகீது. நீங்க இன்னாடான்னா மூடிட்டு பாய் தொவைக்கிறீங்க."

டீச்சரும் சிரித்துவிட்டார். "நிலா இல்லாம நான் என்னத்தடி சொல்லித்தர்றது?"

"நெலா இல்லன்னா இன்னா?" என்றாள் என் பெண், கைப்பிடிச் சுவரண்டை போய். "கடலு சும்மாவா கீது? அங்க பாருங்க."

பார்த்தோம். கீழே எங்கள் ஆட்கள் படகுகளை மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமாகப் படகு கிடக்கிற இடத்தை எல்லாம் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளுகிறவர்களில் அவள் வீட்டுக்காரரும் இருந்தார், அவர் தலையில் கட்டின சிவப்புத் துண்டு தெரிந்தது.

"அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தண்ணி ஒரே மாரிதான் ஏறும் டீச்சர். நெலா கண்ணுக்குத் தெரிஞ்சாலும் அப்டித்தான், தெரியலன்னாலும் அப்டித்தான். இயுக்கறத இயுத்துக்கினுதான் கீது. இன்னிக்குப் படக மேல ஏத்தாம வுட்டா காலையில படகு இருக்காது."

சொல்லிக்கொண்டே வந்தவள் கடைசி வார்த்தையில் நின்றுவிட்டாள். கையை அடிவயிற்றிலிருந்து எடுக்கவில்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய்த் தண்ணீர் மாடியில் ஓடி மடைக்குள் போகிற சத்தம் மட்டும்தான்.

டீச்சர் போய்க் குழாயை மூடினார். நைட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"அன்னைக்கு நான் சொன்னேன்ல, கர்ப்பப்பைதான் நிலாவோட வீடுன்னு. அதுக்குத்தான எழுந்து போன?"

"ம்."

"எனக்கு இப்பத்தான் உறைக்குது. படிச்சத அப்படியே ஒப்பிச்சுட்டேன். நீ படுத்திருக்கேன்னு யோசிக்கல. வலிச்சுதா?"

"வலிச்சுது டீச்சர்" என்றாள் என் பெண். மறைக்கவில்லை.

டீச்சர் வேறு சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அதற்காகவே அவரை எனக்கு இன்னும் பிடித்துப் போனது. கொடியிலிருந்து கொஞ்சம் காய்ந்த பாயாகப் பார்த்து எடுத்து விரித்தார். எனக்கு நாற்காலி. அவர் ஈர நைட்டியோடு வெறுந்தரையில் நின்றார். நாங்கள் மூன்று பேரும் சந்திர நமஸ்காரம் செய்தோம். கையைச் சேர்த்து வளைந்தபோது வானத்தில் பிறை இல்லை, என் பெண்ணின் உடம்புதான் பிறையாக வளைந்திருந்தது. தேவி மாதிரி கால் அகட்டி நின்றாள். கூடையைத் தலைக்கு ஏற்றுவதற்கு முன்னால் எங்கள் பெண்கள் அப்படித்தான் காலை ஊன்றி நிற்பார்கள். இத்தனை நாளும் அது எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் படுத்தபோது டீச்சர் கையை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவளே அடிவயிற்றில் வைத்துக்கொண்டாள். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் லேசாகக் குறட்டை கேட்டது.

"தூங்கட்டும்" என்று டீச்சர் கையைக் காட்டினார். கீழே போய் எனக்கு டீ எடுத்து வந்தார். குடிக்கும்போது நான் அவரிடம் ஒன்று சொன்னேன். இத்தனை வருஷப் பழக்கத்தில் நானாக வாயைத் திறந்து சொன்னது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். "சிரிச்சா டீச்சர்" என்றேன். "பார்த்தேம்மா" என்றார்.

அன்று வீட்டுக்குத் திரும்பினபோது அவள் தன் பிளாக்குக்குப் போகவில்லை. என்னோடு எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தாள். மருமகள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். என் பெண் கதவண்டை நின்றபடியே கேட்டாள்.

"புள்ளைக்கு இன்னா கலரு எடுத்தீங்க?"

மருமகள் என்னைப் பார்த்தாள். "பச்சை அண்ணி."

"பச்சையா? யாரு உன்ன எடுக்கச் சொன்னது? தண்ணி ஊத்தறப்ப பழைய பொடவையா கட்டி வுடு. இதுல ஊத்துனேன்னா சாயம் எறங்கும்."

உள்ளே படித்துக்கொண்டிருந்த பேத்தி புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "மெதுவா, மெதுவா, தையலு" என்று அதட்டினாள் என் பெண். அந்த அதட்டலைக் கேட்டு எவ்வளவு நாளாகியிருந்தது.

சடங்கு அன்று மந்தவெளி மண்டபத்தில் எங்கள் குப்பமே இருந்தது. டீச்சர் வந்தார். மாமியும் வந்தாள், "எங்காத்துல கேட்டா பீச்சுக்குப் போயிருக்கேன்னு சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு, பந்தியில் மீன் வாசனை வரவும் ஒரு வாழைப்பழத்தோடு முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். பேத்தியைப் பழைய புடவையில் பலகைமேல் உட்கார வைத்தார்கள். பித்தளைச் சொம்பில் மஞ்சள் தண்ணீர். என் பெண் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள்.

"நீயா ஊத்தற?" என்று கேட்டாள் எங்கள் மாடிக் கிழவி.

என் பெண் திரும்பிப் பார்த்தாள்.

"பின்ன? இதுக்கு நான்தான அத்தை. நீ வேணா பக்கத்துல குந்து பெரிம்மா, மிச்சத்த உன் தலையில ஊத்தறேன். எத்தினி வருசம் ஆச்சோ நீ தலைக்கு ஊத்திக்கினு."

எல்லாரும் சிரித்தார்கள். கிழவியும் பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் என் பெண் சொம்பைத் தூக்கினாள். அவள் காலை அகட்டி ஊன்றி நின்ற நிலை எனக்குத் தெரியும். டீச்சருக்கும் தெரிந்தது, தூரத்திலிருந்து என்னைப் பார்த்தார். தண்ணீர் பேத்தியின் உச்சியில் விழுந்து தோளில் இறங்கியது.

இப்போது அவள் மறுபடி கடையில் உட்காருகிறாள். சில நாள் வயிறு காலியாக இருக்கிற மாதிரி தோன்றும் என்றுதான் இன்னமும் சொல்கிறாள். தோன்றுகிற அன்று மாடிக்குப் போகிறாள். டீச்சர் அமாவாசைக்கு லீவு விடுவதை நிறுத்திவிட்டார். அன்றைக்கு வெறுமே படுத்து மூச்சு விடுகிற வகுப்பு, கைப்பிடிச் சுவரோரம் கடலைப் பார்த்தபடி. கையை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். மாமி நெற்றியில் வைத்துக்கொள்கிறாள், நான் முட்டியில்.

பௌர்ணமி அன்று எல்லாரும் நிலாவுக்கு நன்றி சொல்லும்போது நானும் சொல்கிறேன். எங்கள் கூடையைக் காலி செய்தவள்தான். இருந்தாலும் சொல்கிறேன். டீச்சருக்கும், டாக்டரம்மாவுக்கும், மாமியின் கைக்கும், நாள் தெரியாமல் போய் நின்ற என் மடத்தனத்துக்கும் சேர்த்துத்தான்.

ஆசனங்களின் பெயர்களைச் சரியாக எழுதியிருக்கிறேனா என்று டீச்சர் பார்த்துத் திருத்த வேண்டும். நாங்கள் போனது எந்த மாசத்து அமாவாசை என்று மாமி பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். இன்னும் ஒன்று. என் பெண் முதல் சொம்பு ஊற்றினதற்குப் பிறகு இரண்டாவது யார் ஊற்றினார்கள், பேத்தி என்ன சொன்னாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கண்ணைத் தண்ணீர் மறைத்துவிட்டது, ஒன்றும் தெரியவில்லை. அங்கே இருந்தவர்கள் யாராவது சரி பார்த்து எழுதிவிடுங்கள்.